சரியான மொழிபெயர்ப்புதான், மை லார்ட்

பொன்னையா சார் போய்விட்ட செய்தி வந்தபோது நான் அல்வாலில், எங்கள் தெரு முனையில், தண்ணீர் லாரிக்காக இரண்டு குடங்களோடு நின்றுகொண்டிருந்தேன். அவருடைய ஜூனியர் ஸ்ரவந்திதான் போனில் கூப்பிட்டாள். "அங்கிள், சார் இல்ல" என்றாள். தெலுங்குப் பெண், அவளுக்கு வரும் தமிழ் அவ்வளவுதான். "கோர்ட்டுக்குக் கிளம்பியிருப்பாரும்மா" என்றேன் நான், மடையன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் புரிந்தது. அதற்குள் லாரி வந்துவிட்டது. குடங்களை நிரப்பி வீட்டில் வைத்துவிட்டுத்தான் அவரைப் பார்க்கப் போனேன். அவர் கதைகளில் வரும் மனிதர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் இந்தத் தெலுங்கு ஊரில் கறுப்பு கோட்டு மாட்டியவர். மௌலா அலி மலை தெரியும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பகலில் மனுக்களும் சாயங்காலம் கதைகளும் எழுதினார். கதைகளை நம் தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகை போட்டது. ஊர் முழுக்கத் தண்ணீருக்குச் சீட்டுக் குலுக்கும் காலம், தூர்த்த ஏரி திரும்பி வந்து மூன்றாம் மாடி வரை ஏறும் மழை, இப்படியெல்லாம். நாம் சிரித்தோம். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்து, "வக்கீல் சார், இந்த மாசம் எத்தனை பேரைக் கொல்லப் போறீங்க?" என்று கேட்டவர் போன ஞாயிறு அஞ்சலிக் கூட்டத்தில் 'தீர்க்கதரிசி' என்று தழுதழுத்தார். வெட்கம் வேண்டாமா?

அவர் தீர்க்கதரிசி இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் முடிந்த கையோடு என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, ஊரைத் தாண்டி ஒரு ரசாயன ஆலைக்குப் பின்னால் இருந்த கிராமத்துக்குப் போனார். எல்லம்மா என்ற பெண் தன் கிணற்றைக் காட்டினாள். வாளியில் வந்த தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நான் குனிந்ததும், "தாகொத்து சார், செய்யி கூட பெட்டொத்து" என்று பதறினாள். குடிக்காதே, கைகூட வைக்காதே என்கிறாள். ஆலை வளாகத்தில் வற்றிப்போன ஆறு ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. மழை பெய்யும் நாளாகப் பார்த்துக் கழிவை லாரியில் கொண்டுவந்து அந்தத் துளைகளில்தான் இறக்குகிறார்கள் என்று ஊரே சொன்னது. பொன்னையா ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, தேதியும் பெயரும் எழுதி ஒட்டிக்கொண்டார்.

அதுதான் 'ஏழாவது துளை' என்ற தொடர்கதை ஆனது. கதையில் இன்னொரு துளை வருகிறது. அதில் இறங்கும் விஷம் பூமிக்கடியிலேயே நகர்ந்து வந்து, கொண்டாப்பூரின் புது அடுக்குமாடிகளில் குழாய் வழியே கொட்டுகிறது. "ஆறும் நிஜம்வே. ஏழாவது மட்டும்தான் என் சரக்கு" என்றார். ஏன் இதைக் கதையாக எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "பேப்பர்ல போட்டா கேஸ் போடுவான். கதைன்னு போட்டா சிரிப்பான். சிரிக்கட்டுமே, வாசிச்சாப் போதும்" என்றார். தொடர் முடிந்த பிறகு எல்லம்மாவும் ஊர்க்காரர்களும் வந்து கேட்டதால் அவர்களுக்காக மனுவும் போட்டார்.

இனி என் கதை. அந்த நாட்களில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பையன் என் வீட்டுக்கு வந்தான். கொண்டாப்பூரில் மென்பொருள் வேலையாம், ஆங்கிலத்தில் பத்திரிகை தொடங்குகிறார்களாம், 'ஏழாவது துளை'யை நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொன்னையாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று அவரிடம் மூச்சுவிடவில்லை. முடித்ததும், "சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு கையெழுத்து மட்டும் சார்" என்றான் பையன். நான் அப்போது மத்திய அரசு அலுவலகத்தில் கெஜட்டட் அதிகாரி. காலனியில் பாதிப் பேரின் மார்க் ஷீட்டுக்கு அட்டெஸ்ட் செய்து பழகிய கை. கதைக்கு எதற்கடா முத்திரை என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையை எடுத்து நச்சென்று வைத்தேன்.

பையன் ஆலை அனுப்பிய ஆள். அந்தக் காகிதம் ஆலையின் வக்கீல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைக் கோர்ட்டில் உரக்கப் படித்தாராம். அதே ஆறு துளை, அதே மழை, அதே லாரி. மனு போட்டவர் முதலில் கதை எழுதிவிட்டுப் பிறகு கட்சிக்காரரைத் தேடியிருக்கிறார், மை லார்ட் என்றாராம். கோர்ட்டே சிரித்ததாம். மனு தள்ளுபடி. அன்று சாயங்காலமே பொன்னையா என் வீட்டுக்கு வந்தார், கையில் அந்த நகலோடு. கடைசிப் பக்கத்தில் என் முத்திரை. அவர், "மொழிபெயர்ப்பு நல்லா இருக்குவே. என் எழுத்தை ஒரு வரி விடாம வாசிச்சது எதிர்க்கட்சி வக்கீல் ஒருத்தன்தான்" என்றார். நான் அழுதேன். "விடும்வே. டீ போடச் சொல்லும்" என்றார். அதன்பிறகு ஏழு வருஷம் என் வீட்டில் டீ குடித்தார். ஒரு கதைகூட எழுதவில்லை. கோர்ட்டில் அவருக்கு 'நாவல் வக்கீல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

என் முட்டாள்தனத்தை மன்னித்துவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஸ்ரவந்தி பாதி ஆங்கிலத்தில் மீதியைச் சொன்னாள். அன்று கோர்ட்டில் அவள் அவர் காதில் கிசுகிசுத்திருக்கிறாள்: இது ஏமாற்றி வாங்கியது, அரசு முத்திரையைத் தனியார் காரியத்துக்கு வைத்திருக்கிறார்கள், எதிர்ப்புச் சொல்லுங்கள், இந்தக் காகிதமே நிற்காது என்று. நீதிபதியும், "மொழிபெயர்ப்பை மறுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுத்திருந்தால் என் அலுவலகத்துக்கு நோட்டீஸ் போயிருக்கும். நான் ஓய்வுபெற அப்போது பதினோரு மாதம் இருந்தது. பொன்னையா எழுந்து, "இல்லை. சரியான மொழிபெயர்ப்புதான், மை லார்ட்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

யார் கேட்டார்கள் உம்மை? ஒரு ஊரின் கிணற்றையும் என் பென்ஷனையும் தராசில் வைத்து, என் பக்கம் சாய்க்க உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வந்து சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? அது உமக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, பொன்னையா.

அடக்கத்துக்கு எல்லம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "மீரு சாருகி ஏமவுதாரு?" என்று கேட்டாள். சாருக்கு நீங்கள் என்ன உறவு என்கிறாள். நண்பன் என்றேன். முத்திரை வைத்த அதே கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்படியேதான் இருக்கிறதாம்.

நடந்ததை எழுதிக் கொடுத்தால் புது மனு போடலாம் என்கிறாள் ஸ்ரவந்தி. "இத்தனை வயசுக்கப்புறம் இது தேவையாங்க?" என்று என் மனைவி கேட்டாள். முந்தாநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்ரவந்தியும் எல்லம்மாவிடம் போகிறோம். நான் யார் என்று இந்த முறை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

அவர் மேஜையிலிருந்த அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலை ஸ்ரவந்தி மனுவுக்கென்று எடுத்துக்கொண்டாள். புத்தகங்களைச் சங்கத்துக்குக் கொடுத்தாயிற்று, இனியாவது வாசியுங்கள். எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் கோர்ட்டில் சொன்ன அந்த ஒரு வரிதான். என் எழுத்தை வாழ்நாளில் ஒருவர் சபையில் பாராட்டியது அந்த ஒரே தடவைதான். அதற்காக ஒரு ஊர் இன்னும் குடத்தோடு நிற்கிறது.