அம்மிக்குப் பூசிய கறுப்பு

மகளின் கல்யாணத்துக்கு அம்மி எடுத்து வரச் சொன்னார் ஐயர். மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அதன்மேல் வைத்து மெட்டி போடுவார். இந்தக் கல்லைப் போல உறுதியாக இரு என்பது அதன் பொருள். எங்கள் வீட்டு அம்மியோ சாம்பல் நிறம், உடம்பெல்லாம் புள்ளி. நான் தினமும் கும்பிடும் முருகன் சிலை கன்னங்கரேலென்று இருக்கும். நல்ல காரியத்துக்குக் கறுத்த கல்தான் ஆகும் என்று எனக்குள் விழுந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. நானே சொல்லி நானே நம்பினேன். புள்ளிக் கல்லில் கால் வைத்து, பிள்ளையின் வாழ்க்கையில் ஏதாவது குறை வந்துவிட்டால்?

வேறு கறுப்பு அம்மி வாங்கலாமா என்று மகளிடம் கேட்டேன். அவளுக்கு வேலையே கல் பார்ப்பதுதான். குன்றோரம் அடுக்குமாடி கட்டுமுன் பாறையைச் சோதிக்கும் கம்பெனியில் இருக்கிறாள். அம்மியைக் கழுவிவிட்டு, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

"பாருங்கப்பா, மணி மணியா இருக்குல்ல? வெள்ளையா இருக்கறது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ், மினுக்கற கறுப்பு மைக்கா. இது கிரானைட். பூமிக்கு அடியில ரொம்ப மெதுவா ஆறுச்சு, அதான் மணி பெருசா வளந்திருக்கு. நீங்க கேக்கற கறுப்புக் கல்லு பசால்ட். எரிமலைக் குழம்பு வெளிய வந்து சட்டுனு ஆறினது. மணி கண்ணுக்கே தெரியாது, உள்ள இருக்கற சரக்கும் வேற."

"சட்டுனு கொதிச்சு சட்டுனு ஆறுறது இந்த வீட்ல ஒருத்தர்தான்," என்றாள் மனைவி. "அவருக்கு அந்தக் கல்லுதான் பிடிக்கும்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள், இருவரும் பூ வாங்கப் பாசார் சந்தைக்குப் போன நேரத்தில், விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து அம்மிக்குப் பூசிவிட்டேன். என்ன பளபளப்பு! எனக்கே கும்பிடத் தோன்றியது. அவர்கள் கண்ணில் படாமல் துணியில் சுற்றி வைத்தேன்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளை அவள் காலைத் தூக்கி அம்மியில் வைத்தார். கால் வழுக்கியது. பிடித்துக்கொண்டார். மஞ்சள் பூசிய பாதம் கறுப்பு, அவர் கை கறுப்பு, பட்டு வேட்டியில் ஐந்து விரல். நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. குறை வரக்கூடாதென்று பூசி, குறையை நானே கொண்டு வந்துவிட்டேனே முருகா என்று உட்கார்ந்துவிட்டேன்.

மகள் குனிந்து ஈரத்துணியால் அம்மியைத் துடைத்தாள். புள்ளிகள் மினுங்கின.

"பயப்படாதீங்க, கிரானைட்தான்," என்றாள் மாப்பிள்ளையிடம். "அப்பா ஒரே ராத்திரில பசால்ட் ஆக்கப் பாத்திருக்காரு."

எல்லோரும் மாப்பிள்ளையின் அம்மாவையே பார்த்தோம். அவர் மருமகளின் பாதத்தை நிதானமாகப் பார்த்தார்.

"திருஷ்டிப் பொட்டு கன்னத்துல வெப்பாங்க. சம்பந்தி கால்லயே வெச்சுட்டாரு. நல்லதுதான் லா, மேளத்த வாசிக்கச் சொல்லுங்க."

துடைத்த கல்லில் அவள் மறுபடி கால் வைத்தாள். இம்முறை வழுக்கவில்லை.

இப்போது அம்மி பழையபடி சமையலறையில் இருக்கிறது. திரும்பி வந்ததும் மனைவி அதில் அரைத்த முதல் சட்னியை எனக்கு மட்டும் வைத்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.