கயிறு பிடித்தவன்

சின்ன வயதில் என்னைப் பித்துப் பிடிக்க வைத்த நாவல் ஒன்று உண்டு. செங்கல் கனம். அட்டையில் ஒரு வீரன் கடலுக்கு அடியில் வாளோடு நிற்பான். அத்தனை தண்ணீருக்குள்ளும் அவன் தலைமுடியில் ஒரு இழைகூடக் கலைந்திருக்காது. திரேஸ்புரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணான எனக்கு, கடலுக்குள் மூழ்கி வந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று நன்றாகவே தெரியும். கண் சிவந்து, உதடு வெளிறி, ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இருந்தும் அந்த அட்டைப் படத்தை நான் முழுசாக நம்பினேன். வீரன் என்றால் முடி கலையக் கூடாது, அவ்வளவுதான்.

சமீபத்தில் அதை மறுபடி வாசித்தேன். ராட்சசர்கள் அலுத்துவிட்டார்கள். மந்திரவாதியின் வசனங்கள் சிரிப்பு மூட்டின. ஆனால் பாதாளக் கிணறு வரும் அத்தியாயத்துக்கு மேல் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. நடுக்கடலில் ஒரு பாறை, அதில் அடி தெரியாத கிணறு, கிணற்றுக்கு அடியில் நாகமணி. வீரன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குகிறான். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் உயிர்த்தோழன். மந்திரவாதி வந்து, கயிற்றை விட்டால் ராஜ்ஜியம் தருகிறேன் என்று தோழன் காதில் ஓதுகிறான். தோழன் விட்டுவிடுகிறான். அதற்கு ஆசிரியர் செலவழித்தது ஒரே ஒரு வரி. வீரன் பிழைத்து வந்து பழி வாங்குவதற்கு மீதிப் புத்தகம் முழுவதும் போகிறது.

அந்த ஒரு வரியை எங்கள் வீட்டில் நான் உரக்க வாசித்ததுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

என் மாமா, அதாவது அத்தையின் கணவர், சங்கு குளிப்பவர். எங்கள் கரையில் முத்துக் குளித்த காலம் தொட்டு ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றைக் கண்டவன் கையிலும் கொடுக்க மாட்டான். மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பான். எந்த அண்ணனும் தன் தங்கை தாலி அறுக்கச் சம்மதிக்க மாட்டான் என்ற கணக்கு அது. காற்றுக்குழாயும் கம்ப்ரசரும் வந்த பிறகும் மாமா அந்த வழக்கத்தை விடவில்லை. அவர் கயிறு எப்போதும் என் அப்பாவின் கையில்தான் இருந்தது.

ஒருநாள் இரண்டு பேர் போன படகில் அப்பா மட்டும் உயிரோடு வந்தார். அடியில் யாரோ விட்டுப்போன வலையில் மாமா சிக்கியிருக்கிறார். நீரோட்டத்தில் நங்கூரம் பிடுங்கிக்கொண்டு படகு ஒரு பக்கம் இழுபட, காற்றுக்குழாய் அறுந்து, கயிறும் அப்பா கையைவிட்டுப் போய்விட்டது. பக்கத்துப் படகுக்காரர்கள் குதித்து மாமாவை மேலே கொண்டுவந்தபோது மூச்சு இல்லை. கயிறு எப்படிப் போனது என்று பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்காதவர்கள் நிறையப் பேசினார்கள். அப்பா பீடி பற்றவைத்துக் கொண்டிருந்தார் என்றார்கள், கண்ணயர்ந்துவிட்டார் என்றார்கள். அப்பா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

பிள்ளை இல்லாத அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அப்பாவோடு பேசவில்லை, அவர் இருக்கும் பக்கம் திரும்பவும் இல்லை. அவர் முன்னறையில் இருந்தால் இவள் குசினியில் அடுப்போரமாக உட்கார்ந்திருப்பாள். அம்மா நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். மாமாவின் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்ததும் ஆலந்தலைக்கு, அவர் வீட்டாரோடு போய் இருந்துகொள்வதாகச் சொல்லியிருந்தாள். அப்படிப் போனால் அண்ணன் தங்கை உறவு அத்தோடு அறுந்துவிடும் என்று அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி மேல் மெழுகுவர்த்தியாக ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சரியாகச் சாப்பிடாமல் வற்றிக்கொண்டே போனார்.

வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்றுதான் அத்தைக்குக் கதை வாசிக்கும்படி அம்மா என்னிடம் சொன்னாள். நான் கரும்பு தின்னக் கூலி கிடைத்ததுபோல் தொடங்கினேன். அத்தை நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்பாள். ராட்சசன் வந்தாலும் தேவதை வந்தாலும் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இராது. இவ்வளவு நல்ல கதைக்கு இப்படி ஒரு ஆளா வாய்க்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

திருப்பலிக்கு முந்தின ஞாயிறு மதியம் பாதாளக் கிணற்றுக்கு வந்தோம். முன்னறையில் அப்பா படுத்திருந்தார். எங்கள் வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மறு அறையில் கேட்கும். தோழன் கயிற்றை விட்ட வரியை நான் குரலை உயர்த்தி, நாடகத்தில் வருவது போல வாசித்தேன். "துரோகி" என்று என் பங்குக்கும் ஒன்று சேர்த்துக்கொண்டேன். அம்மா கண்ணைக் காட்டியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அப்பா எழுந்து வெளியே போகும் சத்தம் கேட்டது.

அத்தையின் கை மீனின் மேல் அப்படியே நின்றது. கதை தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"கயிறு புடிச்சிருந்தவன் கை எப்படி இருந்துச்சுன்னு எழுதியிருக்கா?"

பக்கத்தை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன். கையைப் பற்றி ஒன்றும் இல்லை. இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பாராமலே சொன்னாள்.

"ஒங்கப்பா கையப் பாத்துட்டு வந்து சொல்லு."

கதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். அப்பா வேலியோரம் நின்றிருந்தார். அத்தை உங்கள் கையைப் பார்த்து வரச் சொன்னாள் என்றேன். "அத்தயா சொன்னா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். தினமும் என்னைத் தொடும் கைகள்தான், ஆனால் உள்ளங்கையை நான் பார்த்ததே இல்லை. மாமாவின் அடக்கத்தன்று அவற்றில் துணி சுற்றியிருந்தது நினைவு வந்தது. இப்போது இரண்டிலும் குறுக்காக, விரலுக்கடியில், தோல் வழித்தெடுத்து மறுபடி வளர்ந்த தடம் இளஞ்சிவப்பாக மினுங்கியது. சுண்டு விரல்கள் இரண்டும் நிமிரவில்லை.

பார்த்ததை அப்படியே வந்து ஒப்பித்தேன். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"விட்டவன் கையில தழும்பு இருக்காது, ஏளா. விடாதவன் கையிலதான் இருக்கும். கத எழுதுனவருக்கு அது தெரியல."

அவள் கை கழுவிக்கொண்டு எழுந்தாள். தட்டில் சோறும் குழம்பும் வைத்து, தானே முன்னறைக்குக் கொண்டுபோனாள். "அண்ணே, சாப்பிட வாங்க" என்ற குரல் கேட்டதும் அம்மா குசினிச் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைய முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

சோறு ஆறுகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. அதைவிட, நல்ல கட்டத்தில் கதை நின்றுபோன ஆத்திரம். இனிமேல்தான் வீரன் பிழைத்து வருவான், வாள் சண்டை வரும், துரோகியின் தலை உருளும். அதற்காகத்தானே இத்தனை பக்கம் தொண்டை வறள வாசித்தேன். பெரியவர்களுக்குக் கதை கேட்கத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அத்தை, ஊருக்குப் போக மூட்டை கட்டியிருந்த தன் துணிகளை அலமாரியில் மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தோடு போய், பழி வாங்குகிற அத்தியாயத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், ஏளா. அந்தக் கத முடிஞ்சிட்டு" என்றாள்.

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. இன்னும் எவ்வளவு பக்கம் பாக்கி இருக்கிறது என்று புத்தகத்தை விரித்து அவளுக்குக் காட்டினேன்.