இடிக்குப் பயந்து கழற்றிய கேபிள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம் கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எனக்கு ஹாம் ரேடியோ கிறுக்கு உண்டு; வீட்டிலேயே ரேடியோ வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள். என்னைப் போன்ற சிலர் பைக்கில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு போவார்கள். அது போகிற வழியெல்லாம் 'இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். என் வீட்டுப் பெட்டி அதைக் கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றிவிடும். பைக்கில் போகிறவர் ஒரு புள்ளியாக நகர்வதை எந்த ஊரிலிருந்தும் மேப்பில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இதற்கு என் பெட்டியை விட்டால் வேறு நாதி கிடையாது. கடலை மிட்டாய்க் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கோ ஒரே கேலி. "யாரோ போறாவ, யாரோ வாராவ. நீ எதுக்குட்டி கரண்டைச் செலவழிக்கே?"

அன்றைக்கு இடி ஆரம்பித்ததும் ஓடிப்போய்ப் பெட்டியின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் போட்டேன். மின்னலுக்குப் பயந்து எல்லா ஹாம்களும் செய்கிற காரியம்தான். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் போன். மதுரையிலிருந்து ஒரு பெண். மேப்பில் என் ஸ்டேஷனைப் பார்த்து, நெட்டில் தேடி நம்பரைப் பிடித்திருக்கிறார்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் விளாத்திகுளத்துல இருந்து பைக்ல வந்துக்கிட்டிருந்தார். புள்ளி மெயின் ரோட்டை விட்டு ஏதோ மண் பாதையில திரும்புச்சு. அப்புறம் காணோம். போனும் போகல."

புள்ளி மறைந்தது நான் கேபிளைக் கழற்றியதால்தான், அது பரவாயில்லை. ஆனால் இந்த மழையில் கரிசல் பாதையில் பைக்கா? சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டால் ஓர் அடி நகர விடாது. வெளியூர்க்காரருக்கு அது எங்கே தெரியும்?

கேபிளை மறுபடி மாட்டக் கையை நீட்டினேன். ஜன்னலெல்லாம் பளீரென்று மின்னியது. மழைக்காகக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருந்த வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். "கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார். "அந்த வாக்கி டாக்கியத் தூக்கிட்டு வா. போயிப் பாப்போம்."

பக்கத்தில் போனால் பைக் கருவி சொல்வது அதிலும் கேட்கும். விளாத்திகுளம் ரோட்டில் ரொம்ப தூரம் வரைக்கும் அதில் ஒரு சத்தமும் இல்லை. பருத்திக் காடுகளைத் தாண்டும்போதுதான் வாக்கி டாக்கி 'கர்ர்' என்றது. அதன் திரையில் லைசென்ஸோடு அவருக்குக் கொடுத்த அடையாளப் பெயரான கால்சைன், எவ்வளவு தூரம், எந்தத் திசை எல்லாம் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இடி கிழக்கே தள்ளிப் போயிருந்தது. காரை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தோம். செருப்பு மண்ணோடு போயிற்று. ஒரு மிளகாய்க் காட்டு ஓரத்தில் பைக் சாய்ந்து கிடந்தது, அதன் அடியில் அவர் கால். போன் எங்கேயோ சேற்றுக்குள். இரண்டு பேருமாகப் பைக்கைத் தூக்கி அவரை இழுத்தோம். கணுக்கால் முறிந்திருந்தது.

அந்த வலியிலும் மனுஷர் பயப்படவில்லை. "என் புள்ளி வீட்டுல மேப்புல தெரிஞ்சுக்கிட்டேதான இருக்கு. யாராவது வந்துருவாங்கன்னு படுத்திருந்தேன்" என்றார்.

அவ்வளவு நேரமும் அவர் புள்ளி யாருக்கும் போகவில்லை. அதைச் சொல்ல மனம் வராமல், அவர் மனைவிக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தேன். கால் குணமாகி அவரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் சொன்னேன். "அது தெரிஞ்சிருந்தா பயத்துலேயே போயிருப்பேன்" என்று சிரித்தார்.

இப்போதும் இடி இடித்தால் கேபிளைக் கழற்றத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர் குரல் வந்துவிடும். "மேப்புல யாரும் இருக்காவளான்னு பாத்துட்டுக் கழட்டு." முகம் தெரியாத யாரோ ஒருவர், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற நம்பிக்கையில்தான் அந்த ரோட்டில் போகிறார் என்பது ஒவ்வொரு மழைக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது.