நோட்டுக்குள் இருந்த நாற்பது பெட்டி

இன்று லாரி வந்து நின்ற பிறகும் சரக்கு வெளியே போக வேண்டிய கேட் பாஸைக் கம்ப்யூட்டர் தரவில்லை. ஸ்டாக் இல்லை என்றது. பேக்கிங் முடித்த நாற்பது பெட்டிகள் என் கண்ணெதிரே இருந்தன.

"புது சாஃப்ட்வேரே சரியில்ல. சாயங்காலத்துக்குள்ள லோடு பெங்களூரு போகலன்னா ஆர்டரே போயிரும்," என்றார் சூப்பர்வைசர் அண்ணன்.

கம்பெனியில் என் குரலை யாரும் அதிகம் கேட்டதில்லை. இன்று கேட்டார்கள்.

"அண்ணா, நாம நோட்டுல எழுதி வச்சு, ஷிப்ட் முடிஞ்சப்புறம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தறோம். அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஒன்பதாவதோட நின்ன புள்ள கேக்குது பாரு. சரி, நீயே ஏத்து."

நோட்டைப் பார்த்து நாற்பதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அனுமதி தானாகக் கிடைத்து, கேட் பாஸ் வந்தது. லாரி கிளம்பியது.

"இனிமே பெட்டி மூடின உடனே என்ட்ரி போடறது உன் வேலைம்மா," என்றார்.

வாய் திறந்தால் வேலை கூடும் என்று தெரிந்துவிட்டது. நாளைக்கும் திறக்கத்தான் போகிறேன்.

உங்கள் கம்பெனியில் இன்னும் நோட்டுதானா?