ஐந்து நிறுவனங்களும் ஒரே விலாசமும்

ஐந்து நிறுவனங்கள் கூடி ஒரு வேலையைத் திட்டமிட்டால் முதல் இரண்டு கூட்டங்களும் எதற்குச் செலவாகும் என்று என்னைக் கேளுங்கள். பதாகையில் யாருடைய சின்னம் முதலில் வருவது என்பதற்கு. கண்டி வாவிக்கரை ஹோட்டல் ஒன்றின் மாடியில் படித்த பெரிய மனிதர்கள் அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தொண்டு நிறுவனம் ஒன்றின் மொழிபெயர்ப்பாளர். அந்தச் சண்டையை மும்மொழியிலும் கேட்கும் பாக்கியம் எனக்கு மட்டும் கிடைத்தது.

திட்டம் இதுதான். பன்வில பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களின் நோய் விபரங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கொப்பி, தோட்ட மருந்தகத்தில் ஒரு கொப்பி, பிரதேச சபையில் ஒரு கோப்பு என்று சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒரே கணினிப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். கிளினிக் திகதியை இனி யாரும் அட்டையில் எழுதித் தரமாட்டார்கள், இருக்கும் அட்டைகளையும் திரும்ப வாங்கிவிடுவார்கள். தொலைபேசிக்குச் செய்தி வரும். நல்ல யோசனைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திட்டமிட்டவர்களில் ஒருவராவது தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒருமுறை நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

மூன்றாம் கூட்டத்தில்தான் வேலைக்கே வந்தார்கள். கொழும்பு மென்பொருள் கம்பனிக்காரர் திரையில் ஒரு வீட்டைக் காட்டினார். ஓட்டுக்கூரை, மதில், வாசலில் பூச்செடி. ஒரு விலாசம், ஒரு குடும்பம், ஒரு தொலைபேசி இலக்கம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தோட்ட நிர்வாகத்தின் பிரதிநிதியும் சேர்ந்து ஆட்டினார். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசமே கிடையாது, எல்லாக் கடிதங்களும் தோட்ட ஆபீசுக்குத்தான் வருகின்றன என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சொன்னால், ஏன் இன்னும் விலாசம் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களே.

அடுத்த கூட்டத்துக்குப் ‘பயனாளிகளின் குரல்’ வேண்டுமென்று கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். கண்ணில் அழுத்தம் கூடும் நோய். மாதாமாதம் கண்டிக்கு வந்து கிளினிக்கில் காட்டிச் சொட்டு மருந்து வாங்கிப் போவார். மருந்து தவறினால் பார்வை போகும், போன பார்வை திரும்பி வராது. அவரைக் காலையிலிருந்து ஒரு மூலைக் கதிரையில் இருத்தி வைத்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேசச் சொன்னார்கள்.

அவர் எழுந்து நின்று பேசினார். “எங்க தோட்டத்து டிவிஷன்ல எல்லாருக்கும் ஒரே விலாசந்தாங்க, ஆபீசு விலாசம். ஃபோர்ம்லயும் எல்லாரும் அதத்தான் எழுதிக் குடுத்திருக்கோம். அப்ப செய்தி யாரு போனுக்கு வரும்? அத ஒருக்கா பாத்துட்டு எங்க கார்ட வாங்குனீங்கன்னா நல்லதுங்க.”

ஐந்து நிறுவனங்களில் ஒன்றும் வாய் திறந்து சொல்லாத ஓட்டையை அவர் ஒரே நிமிடத்தில் காட்டிவிட்டார். கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, சுருக்கமாகச் சொல்லும்படி என்னிடம் சிங்களத்தில் சொன்னார். பக்கத்து அறையில் புரியாணிச் சட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். நானும் சுருக்கினேன். “திட்டத்தை வரவேற்கிறார்கள், விலாசம் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் இருக்கிறது” என்றேன். சின்னச் சந்தேகம் என்பது என் சொந்தச் சரக்கு. எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். நானும் போனேன். கூட்டக் குறிப்பில் அது ‘ஏனைய விடயங்கள்’ என்ற தலைப்பின் கீழ் போய்ச் சேர்ந்தது.

பிறகு ஆரம்ப விழா. கணினிக்கு முன்னால் குத்துவிளக்கு, அமைச்சிலிருந்து ஒருவர், வெற்றிலைத் தட்டு, எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பழைய அட்டைகளைச் சேர்த்துப் பெட்டியில் கட்டினார்கள். கணினி பாவம், சொன்னதைச் செய்தது. ஒரே விலாசத்தில் இருந்த அந்த டிவிஷன் முழுவதையும் ஒரே குடும்பமாக்கி, முதலில் பதிந்தவரின் இலக்கத்தைக் குடும்பத்தின் இலக்கமாக வைத்துக்கொண்டது. அந்த ஆள் அதற்குள் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு டிவிஷனின் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் பிள்ளைப்பேறும் அணைத்துப் போட்ட ஒரு தொலைபேசியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன.

நான்கு மாதம் கழித்து முன்னேற்றக் கூட்டம் வைத்தார்கள். கிளினிக் வரிசை நன்றாகக் குறைந்துவிட்டது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். அதற்கும் கைதட்டல். வரிசையில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க அந்த மண்டபத்தில் நாதியில்லை. மறுநாள் காலையில் பன்வில பஸ்ஸில் ஏறினேன்.

அந்தப் பெண் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். குரலைக் கேட்டுத்தான் என்னை அடையாளம் கண்டார்.

“கிளினிக்குக்குப் போகலையாக்கா?”

“போன்ல வரும்னு சொன்னாங்களே மிஸ். பக்கத்து வீட்டுப் புள்ள என் போன தெனமும் பாத்துச் சொல்லும், ஒன்னும் வரலன்னு. ஒருக்கா நானாவே போனேன். கார்டும் இல்ல, செய்தியும் இல்ல, திரும்பிப் போங்கன்னுட்டாங்க.”

அன்றைக்கே அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நான் சண்டை போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். இடது கண் முடிந்துவிட்டது, வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வெட்கத்தில் எனக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மருந்துக்காக வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கு நான் சொன்னத அந்த ஐயாமாருகிட்ட அப்படியே சொன்னீங்கதானே மிஸ்?”

“சொன்னேன்க்கா.”

“அப்ப அவங்கதான் காதுல போட்டுக்கல” என்றார் அவர். “நீங்க பாவம், என்னா செய்வீங்க.”