செவுளைத் தூக்கிக் காட்டுகிறவர்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற ஒருவர் இருக்கிறார். கொட்டாஞ்சேனைக்காரர். கழுத்தில் செபமாலை, மழையென்றாலும் வெயிலென்றாலும் தலையில் ஒரு நீலத் தொப்பி. நிறுக்க முன், மீன் புதிசென்று அதன் செவுளைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் பார்த்துத் தலையாட்டும்வரை தராசில் போடமாட்டார்.

கடல்வளத்தைக் காப்பது பற்றிய துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்குவது என் வேலை. அந்தத் திமிரில் ஒருநாள், கடைக்குப் போய்வந்த பையோடு நின்று, பக்கத்து வீட்டார் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"குஞ்சு மீனையெல்லாம் இப்பிடி அள்ளினா கடல்ல என்ன மிஞ்சும், அண்ணே?"

"இது சூடை, மிஸ். முழுசா வளந்தாலும் இவ்வளவுதான்."

பிறகு என் பையில் தெரிந்த மூன்று டின் மீனைப் பார்த்தார்.

"அதுக்குள்ள இருக்கிற மீன் எவ்வளவு பெரிசு, மிஸ்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டி, டின்னை வழித்துத் தின்கிறவள் நான். ஆனால் தலையும் வாலும் வெட்டின துண்டைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. எந்தக் கடல் மீன் என்று ஒருநாளும் வாசித்துப் பார்த்ததுமில்லை.

"தெரியாது," என்றேன்.

அவர் ஒரு சூடையை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். பார்க்காமலே தலையாட்டினேன்.

டின் மீனை இன்னும் விடவில்லை. அவருடைய சைக்கிள் ஹோர்ன் கேட்டால், வெறும் டின்னைக் குப்பைவாளியின் அடியில் தள்ளிவிட்டுத்தான் வெளியே போகிறேன்.