தன்னை நம்பாத காளியண்ணன்

என் காட்டில் அறுநூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். அந்தத் தண்ணீரைத் தொட விடாமல், ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியை நிறுத்தி, கிளப்பிக்கொண்டு போனவன் காளியண்ணன். வெளியாள் என்றால் அன்றைக்கே கை வைத்திருப்பேன். என் சித்தப்பா மகள் கமலவேணியைக் கட்டியவன், மாப்பிள்ளை முறை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஆத்திரம் மட்டும் போகவில்லை. குச்சிக்கிழங்கு வாடி நிற்கிற ஒவ்வொரு சித்திரையிலும் அது புதுசாகக் கிளம்பும்.

அவனைப் பற்றி நல்லதாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இதை முதலில் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனசு வராது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர் வண்டியில் போன ஆள் இல்லாத தெரு கிடையாது. காளியண்ணன் மீசை முளைக்கும் முன்னால் வண்டி ஏறி, ஆந்திரா, சத்தீஸ்கர் என்று புழுதி தின்றவன். குழிக்குள் இறக்குகிற இரும்பு ராடு மாட்டுகிற ஆளாகப் போய், பங்குக்காரனாகி, கடைசியில் சொந்த வண்டி வைத்தான். அவன் வண்டியைக் கூப்பிட்டால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூசை போட்டுத் தேங்காய் உடைக்கிற நேரத்தில், எத்தனை அடியில் நிறுத்துவது என்று நிலத்துக்காரன் சொல்லிவிட வேண்டும். தனியாகச் சொன்னால் செல்லாது. வீட்டுப் பொம்பளையைக் கூட்டிவந்து அவள் காதில் விழச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு ராடு இறக்கமாட்டான். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற தொழில் அது. ஆழம் போகப் போகத்தான் வண்டிக்காரனுக்குச் சம்பாத்தியம். மற்ற வண்டிக்காரர்கள் இவனைக் கிறுக்கன் என்றார்கள். ஆனால் பொம்பளைகள் அவன் வண்டியைத்தான் கூப்பிடச் சொல்வார்கள்.

என் காட்டில் வீட்டுக்காரி வசந்தாமணி பக்கத்தில் நிற்க, நான் அறுநூறு என்றேன். அறுநூறு அடிக்குப் போனபோது புழுதி நின்று ஈர மண் வந்தது. எடுத்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. இன்னும் ரெண்டு ராடு போடு மாப்ளே என்றேன். மாட்டேன் என்றான். கெஞ்சினேன். திட்டினேன். அவன் அப்பனையும் இழுத்து வைத்துத் திட்டினேன். அதற்கும் அவன் குரல் உயரவில்லை.

"காலையில தேங்கா ஒடைக்கறப்பப் பேசுனது நீ, மச்சான். இப்பப் பேசறது நீ இல்ல. நான் காலையில பேசுனவனுக்குத்தான் வேலை செய்யறேன்."

வண்டி போய்விட்டது. வேறு வண்டியைக் கூப்பிடலாம் என்றால் வசந்தாமணி விடவில்லை. அவள் காதில் விழுந்தது அறுநூறு, அதற்கு மேல் பேச்சே கிடையாது. அடுத்த வருசம் பக்கத்துக் காட்டு அங்கமுத்து கொஞ்சம் ஆழமாகப் போட்டு, குழாய் நிறையத் தண்ணீர் எடுத்தான். நேராகக் காளியண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "வந்திருக்கும்" என்றான். அவ்வளவுதான்.

அவன் அப்பன் சின்னுசாமியைச் சுற்றுவட்டாரமே அறியும். சேவல்கட்டுப் பைத்தியம். சேவல் தோற்றால் வீட்டுக்கு வரமாட்டார், விட்டதைப் பிடிக்க அடுத்ததற்குப் பந்தயம் கட்டுவார். கறவை மாடு போனது, கிணற்றுப் பங்கு போனது, காட்டில் பாதியும் போனது. அதைப் பார்த்து வளர்ந்ததால் இவனுக்குச் சூதாட்டம் என்றாலே வெறுப்பு என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வெறுப்பு இல்லை அது. ரொம்பப் பிடிக்கும் என்கிற பயம்.

எனக்கு அது தெரிந்தது சங்ககிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். சாப்பாடு முடிந்தால் ஆம்பளைகள் ஜமுக்காளத்தை விரித்துச் சீட்டுப் போடுவோம். அவன் அந்தப் பக்கமே வரமாட்டான், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவான். அன்றைக்கு லாரி ஆபீஸ் வைத்திருக்கிற ஜீவானந்தம் அவனைச் சீண்டினான். ஒரு ஆட்டம் போட்டா ஊடு முழுகிருமா, இல்லைன்னா போயிப் பொம்பளைகளோட வெத்தலை மடிக்கறதுதானே என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

காளியண்ணன் வாளியைக் கீழே வைத்தான். "உனக்கு முழுகாது, ஜீவா. ஆடி முடிச்சதும் துண்டை ஒதறிப் போட்டுட்டுப் போயிருவே. எனக்கு முழுகும்."

எனக்குச் சர்க்கரை இருக்கு, பாயசம் வேண்டாம் என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும்போது என் வண்டியில்தான் வந்தான். உனக்கு எப்படித் தெரியும், நீதான் ஒரு சீட்டைக்கூடத் தொட்டதில்லையே என்று கேட்டேன். அப்போதுதான் அவன் காட்டுக் குழியைப் பற்றிச் சொன்னான். சொந்த வண்டி வந்ததும் முதல் குழியைத் தன் காட்டில்தான் போட்டானாம். வெறும் புழுதி. அவன் தொழில் தெரிந்தவன், அந்தப் பாறையில் தண்ணீர் இல்லை என்று மத்தியானமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. தண்ணீர் நினைப்பே போய்விட்டதாம். அடுத்த ராடு, அதற்கு அடுத்த ராடு என்று கை பரபரத்ததாம். வேலையாட்கள் போதுங்க என்றபோது அடிக்கப் போயிருக்கிறான். கடைசியில் ராடு நுனியில் பாறையை உடைக்கிற ஹேமர் சிக்கி, ராடு அறுந்து, உள்ளேயே போய்விட்டது. புது ஹேமர் அது. அதற்குப் பிறகும் பக்கத்தில் இன்னொரு குழி போட இடம் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

சேவல்கட்டில் நிற்கிறபோது அப்பன் முகம் எப்படி இருக்கும் என்று சின்ன வயசில் பார்த்தவன். அன்றைக்குத் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்றான். பொம்பளை காதில் விழச் சொல்லுகிற கட்டுப்பாடு அதற்குப் பிறகு வந்ததுதான். ஏலச்சீட்டில்கூட அவன் சேரவில்லை. ஏலம் கேட்கும்போது நெஞ்சு படபடக்குது, அந்தப் படபடப்பு நல்லா இருக்குது, அதனால வேண்டாம் என்றான்.

கெட்டுத் திருந்தியவனுக்கு ஊரில் மரியாதை உண்டு, மேடையில்கூட ஏற்றுவார்கள். கெடுவதற்கு முன்னாலேயே நான் கெடக்கூடிய ஆள் என்று கணக்காகத் தெரிந்து நடக்கிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. கஞ்சன், பயந்தாங்கொள்ளி என்று பேர் வைப்போம். நாங்களும் வைத்தோம். எனக்கு அவ்வளவு தெளிவு கிடையாது. என் காட்டில் அன்றைக்கு நான் நின்ற நிலை எனக்கே தெரியும்.

நெஞ்சில் புழுதிச் சளி கட்டி, வண்டியை விற்றுவிட்டுப் போன வருசம் வீட்டில் உட்கார்ந்தான். பெங்களூரில் இருக்கிற மகள் நித்யஸ்ரீ, பேத்தி இனியாவின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று பெரிய போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். போன மாசம் ஒரு மத்தியானம் மொபெட்டில் என் களத்துக்கு வந்தான். வெயிலில் வந்த மூச்சு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. வந்த விசயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். போனில் ஒரு சீட்டாட்டம் இருக்கிறது, ஆடிக்கொண்டிருக்கிறேன் என்றான்.

காசு வைத்தா என்று பதறிக் கேட்டேன். இல்லை, பொய்க்காசு, அவனே கொடுப்பான், தோற்றால் மறுபடி கொடுப்பான் என்றான். காலையில் பல் விளக்கும் முன்னால் கை அதற்குத்தான் போகிறதாம். தோற்றால் விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம், ஜெயித்தால் ஜெயித்த சந்தோசத்தில் இன்னொரு ஆட்டம். ஒரு நாள் கமலவேணி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெயிலில் காத்திருந்திருக்கிறாள். இவன் கூட்டிவரப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வண்டி பஞ்சர் என்றிருக்கிறான்.

பொய்க்காசுதானே, இதுக்குப் போயி இப்படி ஒடிஞ்சு உக்காந்திருக்கறே, அழிச்சுட்டாப் போவுது என்றேன்.

"அழிச்சேன். மறுபடி ஏத்துனேன். அழிச்சேன், ஏத்துனேன். பொய்க்காசுக்கே கட்டுனவகிட்டப் பொய் சொல்றவன், நெசக்காசு வெச்சா என்ன சொல்லுவேன் மச்சான்?"

என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அவனாக எல்லாம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். பஞ்சர் பொய்யைக் காலையிலேயே கமலவேணியிடம் ஒத்துக்கொண்டான். சேலத்தில் மனசு டாக்டரிடம் பேர் கொடுத்துவிட்டான். டாக்டரைப் பார்க்கிற வரைக்கும், பார்த்த பிறகும், இந்தப் போன் தன் வீட்டில் இருக்கக் கூடாது என்றான். என் பட்டன் போனை வாங்கி, ரெண்டு சிம்மையும் மாற்றிப் போட்டு, அவன் போனை என் கையில் வைத்தான். இனிமேல் என் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லி மகளிடமும் சொல்லியாகிவிட்டது.

கமலவேணி கையில் கொடுத்து வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். அவள் இளகிவிடுவாள், ரெண்டு வார்த்தை கெஞ்சினால் எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்றான். நீ குடுக்கமாட்டே என்றான். அது பாராட்டா திட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்தப் போனோடு அவன் வீட்டுக்குப் போகிறேன். இனியாவுக்கு முன் பல் விழுந்திருக்கிறது. அதைக் காட்டிச் சிரிக்கிறாள். அவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறான்.

அன்றைக்கு மொபெட்டை உதைத்துக் கிளப்பியவன், களத்தைத் தாண்டும் முன் நிறுத்தி, திரும்பிப் பார்த்து என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"போனை எங்கையில குடுக்காதே மச்சான், நீயே புடிச்சுக் காட்டு. பாப்பா பேசி முடிச்சதும் எந்திரிச்சுப் போயிரு. காப்பி குடிச்சுட்டுப் போன்னு நானே சொன்னாலும் உக்காராதே."